சாக்கடை நீரானபோது: சென்னைக் கழிவுநீரின் சாதி வரலாறு



2019 ஜூன் மாதம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓட்டல்கள் நேரத்தைக் குறைத்தன. கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. நம் பெண்கள் வழக்கம்போல இரவு இரண்டு மணிக்கு லாரிக்காகக் குடங்களோடு நின்றார்கள். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் காவிரி நீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ரயிலின் படம் எல்லா நாளேடுகளிலும் வந்தது.

அதே ஆண்டின் இறுதியில் நடந்த இன்னொன்றுக்கு அவ்வளவு படங்கள் இல்லை. அக்டோபரில் கொடுங்கையூரிலும் நவம்பரில் கோயம்பேட்டிலும் மூன்றாம் நிலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தரக்கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் ஆலை ஒரு நாளில் தருவது அப்படிப்பட்ட 18 ரயில்களின் தண்ணீர். அது எந்த ஏரியிலிருந்தும் வந்ததல்ல. நம் கழிப்பறைகளிலிருந்தும் சமையலறைகளிலிருந்தும் வந்தது. கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிஞ்சுகிறது.

இதை நாம் எதிர்க்கவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல காரியம், இன்னும் முன்பே செய்திருக்க வேண்டியது. ஆனால் இந்த நீர் ஆலையின் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொறியியல் நூல்களில் அது இல்லை. இன்றைய நினைவுச் சொற்பொழிவில் அதைத்தான் பேச வேண்டும் என்று நினைத்தோம்.

சென்னையில் மழை குறைவு என்று சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கூவமும் அடையாறும் வற்றாத ஆறுகள் அல்ல. ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த கோடையில் ஊர் தவிக்கும். நிலத்தடி நீரை உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். வடக்கே மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளில் உப்பு ஏறியதை 1960களின் இறுதியிலேயே கண்டார்கள். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது அந்தக் காலத்தை ஒட்டித்தான். வயலுக்கும் ஊருக்கும் ஆலைக்கும் ஒரே நிலத்தடி நீர். கடல் ஓரத்தில் குடியிருந்தும் தண்ணீருக்கு அலையும் ஊர் இது.

இந்த ஊருக்குப் புழல் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1872இல். கழிவை எப்படி வெளியேற்றுவது என்று டல்லக் என்ற ராணுவப் பொறியாளர் அதற்கு முன்பே, 1865இல், அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் ஊர் முழுமைக்குமான பாதாளச் சாக்கடை அமைப்பு 1910 வாக்கில்தான் வடிவம் பெற்றது. 1961இல் மக்கள்தொகை 6.6 லட்சம் இருக்கும் என்று கணித்துப் போட்ட திட்டம் அது. தண்ணீர் உள்ளே வரக் குழாய் போட்டவர்கள், கழிவு வெளியே போகக் குழாய் போட ஏன் ஏறத்தாழ 40 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்? பணம் இல்லை, ஊர் தட்டையானது, சரிவு கிடைக்கவில்லை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். கூடவே இன்னொரு காரணமும் உண்டு. அவசரப்பட வேண்டிய தேவை ஊருக்கு இருக்கவில்லை. கழிவை அள்ளித் தலையில் சுமந்து வண்டியில் கொட்ட ஒரு சாதி இருந்தது. குழாயைவிட அது மலிவு.

அந்த வேலைக்கு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆதி ஆந்திரர்களும், நம் மாவட்டங்களிலிருந்து வந்த அருந்ததியரும் மற்ற தலித் மக்களும் அமர்த்தப்பட்டார்கள். மாநகராட்சி அவர்களைத் 'தோட்டி' என்று எழுதிக்கொண்டது. பழைய தெருக்களில் வீடுகளின் பின்புறம் ஒரு குறுகிய சந்து இருக்கும். அது அவர்கள் மட்டும் வந்துபோவதற்கானது. முன்வாசலில் கோலம், பின்வாசலில் சந்து. வீட்டைக் கட்டும்போதே தீண்டாமையையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்தச் சந்துகள் சில இன்றும் இருக்கின்றன. இருசக்கர வண்டி நிறுத்துகிறார்கள்.

பாதாளச் சாக்கடை வந்த பிறகு கழிவு ஊருக்கு வெளியே போனது. ஊருக்கு வெளியே என்றால் யாருடைய இடம்? கொடுங்கையூரில் கழிவுநீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். அந்தப் புல்லை மாட்டுக்காரர்கள் வாங்கிப் போனார்கள். மாடு தின்றது, பால் கறந்தது, பால் வீடுகளுக்குப் போனது. பிராமண வீட்டுக் காபியிலும் அந்தப் பால்தான் கலந்திருக்கும். சாக்கடை பாலாக வந்தபோது யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. மாடு நடுவில் நின்றதால் எல்லாம் சுத்தமாகிவிட்டது. மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே சென்னை மறுசுழற்சி செய்துகொண்டுதான் இருந்தது.

1970களில் நெசப்பாக்கத்திலும் கோயம்பேட்டிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 1978இல் குடிநீர் வாரியம் தனி அமைப்பாயிற்று. பின்னர் கொடுங்கையூர், பெருங்குடி. 2019 வாக்கில் எல்லா நிலையங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 72 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் திறன் பெற்றிருந்தன. 1990களின் தொடக்கத்திலேயே மணலியின் எண்ணெய் ஆலையும் உர ஆலையும் கொடுங்கையூரிலிருந்து இரண்டாம் நிலை வரை சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்கி, தம் வளாகத்தில் சவ்வு வைத்து வடிகட்டிக் கொதிகலனுக்கும் குளிர்விக்கும் கோபுரத்துக்கும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. சிங்கப்பூரைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டோம் என்று சிலர் பேசுகிறார்கள். சிங்கப்பூரின் நியூவாட்டர் அறிமுகமானது 2003இல். மணலி அதற்குப் பத்து ஆண்டு மூத்தது.

ஆலைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் நம் வாதம் அதில்தான் இருக்கிறது. முதலில் இரும்புக் கம்பித் தடுப்பில் துணி, பிளாஸ்டிக், முடி எல்லாம் சிக்கும். மணல் தனியே படியும். பிறகு பெரிய தொட்டியில் காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்றில் பெருகும் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்னும். தின்று கனத்த நுண்ணுயிரிகள் சேறாக அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலே வழியும். அந்தச் சேற்றை மூடிய கலத்தில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். இவ்வளவும் இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையில் மணல் வடிகட்டி, நுண்சவ்வு, அதற்கு மேல் எதிர்ச் சவ்வூடுபரவல். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவிக்குள் நடப்பதேதான், ஊரளவுக்குப் பெரிதாக. உப்பும் கிருமியும் சவ்வின் ஒரு பக்கம் நின்றுவிடும்.

இதில் நம்மைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. ஆலையில் அழுக்குக்கு ஓர் எண் இருக்கிறது. நீரில் உள்ள கழிவைத் தின்று முடிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கிறார்கள். பி.ஓ.டி. என்று அதைச் சொல்வார்கள். ஊர்ச் சாக்கடையில் அது லிட்டருக்கு இருநூறு முந்நூறு மில்லிகிராம் இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது கழிவுநீர் அல்ல. யார் வீட்டிலிருந்து வந்தது என்று எந்தக் கருவியும் கேட்பதில்லை. அழுக்கு அளக்கக்கூடியது, ஆகவே போக்கக்கூடியது. தீட்டுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. எவ்வளவு குறைந்தால் தீட்டு போகும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மகாடுக்குப் போகாமல் இருக்க முடியாது. சவுதார் குளம் மகாடு நகராட்சிக்குச் சொந்தமான பொதுக்குளம். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் போலே தீர்மானத்தை ஏற்றது. அதன்படி 1924 ஜனவரியில் மகாடு நகராட்சியும் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924இல் நம் சென்னை சட்டமன்றமும் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் குளமாகவே இருந்தது. இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அதில் தண்ணீர் எடுத்தார்கள். ஆடு மாடுகள் குடித்தன. நம் மக்கள் மட்டும் குடிக்கக் கூடாது.

1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் ஊர்வலமாகப் போய்க் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். பிறகு தடியடி விழுந்தது, அது நாம் அறிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீர் வரலாற்றில் சேர்க்க வேண்டும். 108 மண்குடங்களில் குளத்து நீரை எடுத்து, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் ஓதி, குளத்திலேயே திரும்ப ஊற்றினார்கள். அதற்குச் சுத்திகரிப்பு என்று பெயர். அன்றைக்கு ஒருவர் அந்தக் குளத்து நீரின் பி.ஓ.டி.யை அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நம் மக்கள் குடித்ததால் ஏறாத அழுக்கு, அவர்கள் சுத்திகரித்ததால் ஏறியிருக்கும். ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் நமக்குச் சாதகமாக முடிந்தது 1937 மார்ச்சில். ஒரு கை நீருக்குப் பத்து ஆண்டுகள்.

பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. ஊர் இவ்வளவு காலமும் தன் கழிவை அள்ள யாரை அனுப்பியதோ, அவர்கள் குடிக்கும் நீரில் அது கிடந்தது.

சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில் விட்டு, ஏரி நீரோடு கலந்து, மீண்டும் குடிநீராக்கும் யோசனை வந்தபோது நகரத்தின் படித்த வீடுகளில் முகம் சுளித்தார்கள். "சாக்கடைத் தண்ணியையா குடிக்கச் சொல்றீங்க?" மருந்துக் கழிவு, தொழிற்சாலை ரசாயனம் பற்றிய அச்சம் நியாயமானது, அதற்கு ஆலைதான் சோதனை முடிவுகளோடு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சுளிப்பில் பாதி ரசாயனம் பற்றியதல்ல. அதே சுளிப்பு கழிவுநீர்த் தொழிலாளி வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் வரும், அதை நம் தோழர்கள் பலரும் நேரில் பார்த்திருக்கிறார்கள். ஆர்.ஓ. சவ்வு வழியே போன நீரை ஒருநாள் அந்த வீடுகள் ஏற்றுக்கொள்ளும், வேறு வழியில்லை. மனிதரை அனுப்பிச் சலித்தெடுக்க எந்தச் சவ்வும் இல்லை.

பெயர்கள் மாறிய விதத்தைப் பாருங்கள். சாக்கடை கழிவுநீர் ஆயிற்று, கழிவுநீர் சுத்திகரித்த நீர் ஆயிற்று, இப்போது மீள்நீர், வளம் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஒவ்வொரு பெயர் மாறும்போதும் அதன் நிலையும் மாறியது. இன்று அதற்கு விலை இருக்கிறது. தோட்டி துப்புரவுப் பணியாளர் ஆனார், 2020இல் தூய்மைப் பணியாளர் ஆனார். அதே ஆண்டு மேன்ஹோல் என்பதை மெஷின்ஹோல் என்று மாற்றப் போவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மனிதன் இறங்கும் குழி இனி இயந்திரக் குழியாம். மூடி அதே மூடி. பெயர் மாறிய பிறகும் அதற்குள் மனிதர்கள் இறங்கிச் செத்திருக்கிறார்கள்.

குழாய் அடைத்தால் ஆலைக்கு ஒரு சொட்டு வராது. இதை எந்தத் திறப்பு விழாவிலும் சொல்வதில்லை. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் துணியும் சேர்ந்து கட்டிபோல் இறுகும். ஜெட் ராடிங் இயந்திரம் பெரும்பாலும் தள்ளிவிடும். தள்ளாதபோது, அல்லது லாரி நுழையாத சந்தில், அல்லது ஒப்பந்தக்காரர் இயந்திர வாடகையை மிச்சம் பிடிக்க நினைக்கும்போது, ஒருவர் இறக்கப்படுகிறார். காற்றில்லாக் கழிவில் வளரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு ஏறினால் மூக்கின் நுகரும் திறனே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1993இல் உலர் கழிப்பிடங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதில் பாதாளச் சாக்கடை பற்றிப் பேச்சே இல்லை. 2003இல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் சாக்கடைக்குள் ஆள் இறக்கக் கூடாது என்று ஆணையிட்டது. 2013இல் புதிய சட்டம். மாணவத் தோழர்கள் இதன் வரையறைப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும். 'அபாயகரமான சுத்தம் செய்தல்' என்றால் பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவது என்று அதில் இருக்கிறது. அப்படியானால் கையுறையும் முகமூடியும் கொடுத்துவிட்டு இறக்கினால்? அது அபாயகரமானது ஆகாது. கருவியோடு இறங்குபவர் மலம் அள்ளும் தொழிலாளியாகவும் கருதப்பட மாட்டார். ஒரு வாக்கியத்தில் தடை, அடுத்த வாக்கியத்தில் கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் ஒப்பந்தக்காரர்கள் இன்றுவரை வந்துபோகிறார்கள்.

2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 1993க்குப் பிறகு இப்படி இறந்தோர் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. அரசுக் கணக்கிலேயே 200 பேருக்கு மேல். சமூக நீதியின் மண் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அதே மண்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. கூவத்தைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லிக் கரையோரக் குடிசைகளை அகற்றினார்கள். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி நம் மக்கள் அடுக்கி வைக்கப்பட்டார்கள். கூவத்தை நாறடித்தது கரையில் இருந்த குடிசைகளா, மழைநீர் வடிகால் வழியே கழிவை ஆற்றில் விட்ட மொத்த நகரமா? பாதாளச் சாக்கடை இணைப்பே இல்லாதவர்கள் மேல் சாக்கடையின் பழி விழுந்தது. அப்படிப் போன கண்ணகி நகரிலிருந்துதான் இன்று நகரத்துச் சாக்கடையைத் தூர்வாரவும் ஆட்கள் வருகிறார்கள். விடியலில் பஸ் ஏறி, தாம் துரத்தப்பட்ட தெருக்களுக்கே திரும்ப வருகிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீர்க் குழாயில் கலந்த முதல் நகரம் நமீபியாவின் விண்ட்ஹூக், 1968இல். அப்போது அந்த நாடு தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்தது. பழைய குடியிருப்பை விட்டு வெளியேற மறுத்த கறுப்பின மக்கள் மீது 1959 டிசம்பர் 10இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 11 பேர் மாண்டார்கள். பிறகு அவர்களைக் கட்டுதுரா என்ற ஒதுக்குப்புறத்துக்கு விரட்டினார்கள். கழிவையும் குடிநீரையும் ஒரே குழாயில் சேர்க்கத் தெரிந்த நகரத்துக்கு இரண்டு நிற மனிதர்களை ஒரே தெருவில் வைக்கத் தெரியவில்லை.

இனி நாம் என்ன கேட்க வேண்டும்? சாக்கடை வேலையை ஒழி என்று மட்டும் கேட்டால் போதாது என்பது நம் எண்ணம். கழிவுநீர் இன்று விற்பனைப் பொருள். அதை விற்று வரும் பணத்தில் குழாயைத் துப்புரவு செய்யும் இயந்திரத்துக்கு எவ்வளவு போகிறது? ஆலையின் ஆய்வுக்கூடத்தில், கட்டுப்பாட்டு அறையில், சவ்வு பராமரிப்பில் நிரந்தர வேலை பார்ப்பவர்கள் யார்? குழியில் இறங்கியவரின் மகள் அங்கே வேதியியலாளராக உட்கார வழி இருக்கிறதா? அண்மையில் தொழிலாளர்களையும் இறந்தோரின் வாரிசுகளையும் கழிவகற்றும் வாகனங்களுக்கு உரிமையாளர்களாக்கும் திட்டம் தொடங்கியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் ஒருவர் வாகனக் கடனைக் கட்டிக்கொண்டே அதே வேலையைத் தொடர்ந்து செய்வதுதான் விடுதலையா என்பதையும் அவர்களோடே உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆலையில் உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் நீருக்கும் நாள்தோறும் பதிவு வைக்கிறார்கள். இறங்கி இறந்தவர் பெரும்பாலும் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில் மட்டும் இருக்கிறார். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜெட் ராடிங் இயந்திரங்கள், எத்தனை ஓடுகின்றன, வாயுக் கண்டறியும் கருவி எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், கடந்த பத்து ஆண்டில் குழியில் இறந்தவர்கள் யார், இழப்பீடு யாருக்குக் கிடைத்தது, சுத்திகரித்த நீரை யாருக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள். இந்த ஏழு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டிவிடலாம்.